அந்தப் பின் அறையைத் திறந்துவிடுங்கள்: எங்கள் நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சித் தலைவர் அம்மா அவர்களுக்கும், ஆணையர் ஐயா அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சமுதாயக் கூடத்தின் பின் அறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்பைப் பற்றி எழுதுகிறேன். குடியை விட அங்கே நாங்கள் கூடும் கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் பெயர், முகவரி, செல்பேசி எண் மூன்றையும் காவலாளியிடம் உள்ள பதிவேட்டில் எழுத வேண்டும், ஆதார் நகல் ஒன்றும் கொடுக்க வேண்டும், மறுப்பவர்களுக்கு அனுமதி இல்லை என்கிறது அது. கீழே முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றன. கதவில் புதுப் பூட்டு தொங்குகிறது.

"அறையைத் தர மாட்டோம்னு சொல்லலையே, விவரம்தானே கேட்டோம்" என்று அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். எங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பதினோரு வருடமாக செவ்வாயும் வெள்ளியும் இரவு 7 மணி முதல் 8.30 வரை அந்த அறையில் கூடுகிறவர்கள் குடிநோயாளிகள். குடியை விட்டவர்கள், விடப் பார்க்கிறவர்கள், விட்டுவிட்டு மறுபடி விழுந்து மறுபடி எழுந்து வந்தவர்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரில் உலகம் முழுக்க நடக்கும் கூட்டங்களில் அதுவும் ஒன்று. ஏ.ஏ. என்பார்கள். அனானிமஸ் என்றால் பெயர் தெரியாதவர்கள் என்று பொருள். நீங்கள் பதிவேட்டில் எழுதச் சொல்வது, எங்கள் அமைப்பு தன் பெயரிலேயே கேட்க மாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கும் ஒன்றை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது ஏ.ஏ.வின் கடிதம் அல்ல. வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை, யாருடனும் வழக்காடுவதில்லை என்பது அங்குள்ள மரபு. அங்கே உட்கார்ந்து உயிர் பிழைத்த ஒருவன் என்ற முறையில் நான் தனியாக எழுதுகிறேன்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். மோட்டாரின் சுழலாத பாகமான ஸ்டேட்டரின் காடிகளுக்குள் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக இறக்குவது என் வேலை. கம்பியின் மேலிருக்கும் எனாமல் கீறினால் போதும், மோட்டார் கருகிவிடும். கை நின்று வேலை செய்ய வேண்டும். குடித்த நாட்களில் என் கை நிற்காது. காலையில் எழுந்தால் டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது. அதனால் முந்தின இரவே ஒரு கட்டிங் ஒதுக்கி, பட்டறையில் வார்னிஷ் டின்னுக்குப் பின்னால் மறைத்து வைப்பேன். அதை ஊற்றிக்கொண்ட பிறகுதான் கம்பியைத் தொட முடியும். ஊரில் என் வேலைக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயர் காலை ஏழரை மணிக்கு வார்னிஷ் டின்னுக்குப் பின்னாலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

நான்கு முறை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பத்து நாள், பன்னிரண்டு நாள். ஊசி, மாத்திரை, வைட்டமின் எல்லாம் கொடுத்து நடுக்கத்தை நிறுத்தினார்கள். அந்த வைத்தியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பல வருடம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், பிதற்றல் வரும், உயிரும் போகலாம். அந்தப் பத்து நாளைக் கடக்க டாக்டர்தான் வேண்டும். ஆனால் பதினோராம் நாள்? "இனிமே குடிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். எப்படிக் குடிக்காமல் இருப்பது என்று யாரும் சொல்லவில்லை. கூட்டம் என்று ஒன்று இருப்பதாகவும் சொல்லவில்லை. மூன்றாவது முறை வீடு திரும்பி இருபத்தோராவது நாள் மறுபடி கடை வாசலில் நின்றேன்.

இந்த ஊரில் மதுக்கடை எங்கே என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட வழி சொல்லும். குடியை விட்டவர்கள் கூடும் இடம் எங்கே என்று என் மனைவி எட்டு மாதம் தேடினார். யாரிடம் போய்க் கேட்பது? கேட்டாலே வீட்டு விஷயம் வெளியே போய்விடும். கடைசியில் ஒரு மருந்துக் கடைக்காரர், நான் தூக்க மாத்திரை கேட்டு நின்றபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரைக் கவரின் பின்பக்கம் நான்கு வார்த்தை எழுதிக் கொடுத்தார். 'செவ்வாய், வெள்ளி. ஏழு மணி.' அப்புறம் வாயால், "சமுதாயக் கூடத்துக்குப் பின்னாடி, வேப்பமரம் இருக்கும்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்தக் கவர் மூன்று வாரம் என் சட்டைப் பையில் இருந்தது. மூன்று முறை அந்த வாசல் வரை வந்து திரும்பினேன். முதல் முறை, எங்கள் தெருக்காரர் ஒருவர் உள்ளே போவதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்திருப்பாரோ என்ற பயத்தில் சைக்கிளைத் திருப்பியவன், நேரே கடைக்குப் போனேன். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று விளக்கை மட்டும் பார்த்தேன். நான்காம் முறை, வாசலில் நின்றிருந்த ஒரு பெரியவர், "உள்ள வாங்க, டீ ஆறிடும்" என்றார். என்னை எத்தனையோ நாளாகத் தெரிந்தவர் போலச் சொன்னார். உள்ளே போனதும் ஒருவர், "உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். உங்கள் பெயர் என்ன என்று அவர் கேட்கவில்லை. நான் என் தாத்தாவின் பெயரைச் சொன்னேன். நான்கு மாதம் அந்தப் பெயரில்தான் அங்கே உட்கார்ந்தேன். பொய் சொல்கிறான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும், அவர்களில் பாதிப் பேர் அதையே செய்தவர்கள். ஒரு வெள்ளிக்கிழமை, நானாக, என் சொந்தப் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றேன். அதைச் சொல்ல எனக்கு நான்கு மாதமும் முப்பதுக்கு மேற்பட்ட கூட்டமும் தேவைப்பட்டன. அன்று அந்த வாசலில் ஒரு பதிவேடும் ஆதார் நகல் வாங்க ஒரு காவலாளியும் இருந்திருந்தால், ஐந்தாம் முறை நான் வந்திருக்க மாட்டேன். இந்த மடலும் வந்திருக்காது.

2017 ஆடி மாதத்துக்குப் பிறகு நான் குடிக்கவில்லை. இன்று ஒரு நாள் மட்டும் என்றுதான் எண்ணுவோம்.

இந்த இயக்கம் தொடங்கிய கதையே ஒருவர் இன்னொருவரைத் தேடிய கதைதான். 1935 மே மாதம், அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊருக்கு வியாபார வேலையாக வந்த பில் என்பவர், வந்த காரியம் கெட்டுப்போய் ஒரு ஓட்டல் முன்கூடத்தில் நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம். மறுபக்கம் ஒரு தொலைபேசியும் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசிப் பக்கம் போனார். பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று கேட்டு ஒவ்வொரு எண்ணாக அழைத்தார். அப்படிக் கிடைத்தவர் பாப் என்ற அறுவை சிகிச்சை டாக்டர். சில வாரம் கழித்து, ஒரு அறுவை சிகிச்சைக்குப் போகும் முன் கை நடுங்காமல் இருக்க அவருக்கு ஒரு பீர் கொடுத்து அனுப்பினார்கள். அதுவே அவர் குடித்த கடைசிப் பீர். அந்த 1935 ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். டாக்டரின் கை, என் கை. கூட்டத்தில் இதை முதல்முறை கேட்ட அன்று நான் அழுதேன். 1957இல் ஏ.ஏ. மும்பை வழியாக இந்தியாவுக்கு வந்தது. இங்கே எங்கள் ஊர்ப் பின் அறை வரைக்கும் வந்து சேர்ந்தது. இதில் எந்த இடத்திலும் யாரும் யாரிடமும் அடையாள அட்டை கேட்கவில்லை.

பெயர் வெளியே தெரிந்தால் அப்படி என்ன ஆகிவிடும் என்று உங்கள் அலுவலர் ஒருவர் கேட்டார். இது பெருநகரம் அல்ல ஐயா. சென்னையில் வாரத்தின் ஏழு நாளும் எங்காவது ஒரு கூட்டம் இருக்கும். அடையாறில் இருப்பவர் அண்ணா நகரில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். இங்கே இருப்பது ஒரே அறை. அந்தப் பதிவேடு காவலாளியின் மேசையில் இருக்கும். காவலாளி நல்லவர்தான். ஆனால் அவருக்கும் டீக்கடை உண்டு, உறவு உண்டு, யார் வந்து கேட்டாலும் மறுக்க முடியாத சங்கடம் உண்டு. பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் இந்த ஊரில் எத்தனை பேரிடம் விசாரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "பொண்ணோட அப்பா அந்தக் கூட்டத்துக்குப் போறாராமே" என்ற ஒரு வாக்கியம் போதும். அவர் பத்து வருடம் குடிக்காமல் இருப்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. வண்டி ஓட்டிப் பிழைப்பவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர், கோயில் வேலை பார்ப்பவர் எல்லாம் எங்களோடு உட்காருகிறார்கள். ஊரறியக் குடித்தபோது அவர்கள் வேலை போகவில்லை. குடியை விட்டதாக எழுதிவைத்தால் போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து அறையில் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான குழு, அல்-அனான், நடக்கும். மனைவி, அம்மா, மகள் என்று ஆறேழு பெண்கள் வருவார்கள். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. இங்கே வந்தது தெரிந்தால் அன்றிரவு வீட்டில் அடி விழும். அவர்களிடமும் ஆதார் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குழு இப்போது கூடுவதே இல்லை.

பூட்டுப் போட்ட பிறகு வந்த முதல் செவ்வாயைச் சொல்ல வேண்டும். தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் பதினான்கு பேர் வேப்பமரத்தடியில் நின்றோம். ஏழேகால் இருக்கும், ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண், முப்பத்தைந்து வயது சொல்லலாம். பின்னால் ஒரு தம்பி, இருபத்தைந்து, இருபத்தாறு. முகம் உப்பி, கண் மஞ்சளாக இருந்தது. அவனைக் கையைப் பிடித்து இறக்கிய விதத்திலேயே அக்கா என்று தெரிந்தது. கதவு வரை வந்தார்கள். அக்கா செல்பேசி வெளிச்சத்தில் அறிவிப்பைப் படித்தார். தம்பியும் படித்தான். ஆதார் என்ற வார்த்தை வந்த இடத்தில் அவன் கையை உருவிக்கொண்டான். எங்களில் ஒருவர் ஓடிப்போய், "தம்பி, அது ஒண்ணுமில்ல, இங்க மரத்தடியில உக்காந்து பேசலாம் வாப்பா" என்றார். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வா அக்கா, போலாம்" என்றான். வண்டி திரும்பிவிட்டது.

அவன் பெயர் எங்களுக்குத் தெரியாது. எந்தத் தெரு, எந்த ஊர், தெரியாது. தேடிப் போகவும் வழியில்லை. இரண்டு வாரமாக அந்த மஞ்சள் கண்ணை நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறேன். நாங்கள் பதினான்கு பேரும் எப்படியாவது சமாளித்துக்கொள்வோம். ஒருவர் வீட்டு மாடியில் கூடுவோம், செல்பேசியில் பேசிக்கொள்வோம். அவனுக்குத்தான் அந்த அறை. முதல்முறை வருகிறவனுக்குத்தான் தெரிந்த இடம், தெரிந்த நேரம், எரிகிற விளக்கு எல்லாம் தேவை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் யோசித்தேன். குடிகாரர்கள் கூடுகிறார்கள், பெண்கள் நடமாடும் தெரு என்று குடியிருப்பவர்கள் மனுக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. குடித்துவிட்டு நான் போட்ட சத்தத்தை என் தெருவே கேட்டிருக்கிறது. ஆனால் பதினோரு வருடத்தில் அந்த அறையில் சத்தம் வந்தது ஒரே ஒரு முறை. ஒருவர் குடித்துவிட்டு வந்து கத்தினார். இரண்டு பேர் அவரை வெளியே அழைத்துப்போய், தண்ணீர் கொடுத்து, ஆட்டோவில் வீட்டில் விட்டு வந்தார்கள். குடித்திருந்தாலும் வந்து உட்காரலாம், பேசக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் ஒழுங்கு. நாங்கள் குடிக்கக் கூடுபவர்கள் அல்ல என்று மனுக் கொடுத்தவர்களிடம் நேரில் சொல்ல ஒரு வாய்ப்புக் கூட எங்களுக்குத் தரப்படவில்லை.

வாடகையிலும் குறை இல்லை. மாதம் 1,200 ரூபாய், ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி ரசீது வாங்கியிருக்கிறோம். டீ முடிந்ததும் ஒரு துணிப்பை சுற்றி வரும். பத்தோ இருபதோ போடுவோம், இல்லாதவர் போட வேண்டாம். அதில்தான் வாடகை, டீ, பால். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை, அரசிடமும் வாங்குவதில்லை. அதனால் உங்களிடம் பணம் கேட்டு வரவில்லை.

என் அனுபவத்தை மட்டும் நம்பச் சொல்லவில்லை. 2019இல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட போதைப் பழக்க ஆய்வறிக்கை இருக்கிறது. எய்ம்ஸ் நடத்தியது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார் என்கிறது. மீதி 37 பேர் வெளியே இருக்கிறார்கள். அந்தத் தம்பி அவர்களில் ஒருவனாக இருந்து, அன்றைக்கு முதல்முறையாகக் கதவு வரை வந்திருக்கலாம். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏ.ஏ. கூட்டங்களோடு ஒருவரை முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, குடியை முற்றிலும் விட்டு இருப்பதில் மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்று சொன்னது. அதற்கு முதலில் இணைக்க ஒரு கூட்டம் இருக்க வேண்டும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மன பாதிப்புகளையும் நோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அதன் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையைக் கொடுக்கிறது. நாங்கள் மருத்துவமனை அல்ல, அந்தப் பிரிவு உங்கள் பதிவேட்டைக் கட்டுப்படுத்தும் என்று வாதாடவும் வரவில்லை. ஆஸ்பத்திரி அலமாரிக்குள்ளேயே பூட்டி வைக்க வேண்டும் என்று சட்டம் நினைக்கும் ஒரு விவரத்தை, நீங்கள் கூடத்து வாசல் மேசையில் திறந்து வைக்கச் சொல்கிறீர்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

2003 முதல் இந்த மாநிலத்தில் மது விற்பது அரசு நிறுவனம். பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும் அந்தக் கடையில் பல வருடம் வாங்கினேன். ஒரு நாளும் என் பெயரைக் கேட்டதில்லை. குடிக்கக் கேட்காத பெயரை விடுவதற்கு ஏன் கேட்கிறீர்கள்? இதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

நான் கேட்பவை இவை. அறிவிப்பை எடுத்துவிட்டு, வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் அறையைத் திறந்துவிடுங்கள். யாராவது பொறுப்பாக இருக்க வேண்டும் என்றால், என்னையும் இன்னொரு உறுப்பினரையும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் இருவரின் பெயரும் ஆதார் நகலும் கடந்த வாரமே அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். ஒரு நாற்காலி உடைந்தாலும் எங்களைக் கேளுங்கள். மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

அறிவிப்பு வந்த அன்று பயந்துபோய் மூன்று பேர் பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை அவர்கள் முன்னாலேயே கிழித்து அழியுங்கள். ஆதார் நகல்களைத் திருப்பிக் கொடுங்கள். அறை திறப்பதைவிட இது அவசரம்.

அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவிலும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும், பேருந்து நிலையத்திலும் ஒரு சிறு பலகை வைக்க அனுமதி கொடுங்கள். கிழமை, நேரம், இடம், கீழே போதை மீட்பு உதவிக்கான இலவச எண் 14446. பலகைச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். என் மனைவி தேடியதுபோல் இன்னொரு பெண் எட்டு மாதம் தேடக் கூடாது.

இந்த அறையைப் பற்றி அடுத்த முறை எது முடிவு செய்தாலும், அதற்கு முன் எங்களில் இருவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மனுக் கொடுத்த தெருக்காரர்களையும் கூப்பிடுங்கள். மாதத்தின் கடைசி வெள்ளி எங்களுக்குத் திறந்த கூட்டம், யாரும் வந்து கேட்கலாம். தலைவர் அம்மாவும் ஆணையர் ஐயாவும் ஒரு முறை வந்து உட்காருங்கள்.

அறை திறக்கும்வரை செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணிக்கு அந்த வேப்பமரத்தடியில் இருப்போம். மழை வந்தாலும் ஒருவராவது இருப்போம் என்று முறை போட்டிருக்கிறோம். டிவிஎஸ் எக்ஸெலில் அந்த அக்கா மறுபடி வரலாம்.

இப்படிக்கு,
செவ்வாய், வெள்ளிக் குழுவில் ஒருவன்